ஹட்சன்ஸ் பே கம்பெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 1ஆம் தேதி கனடா முழுவதும் ஹட்சன்ஸ் பே கடைகள் பூட்டப்பட்டதிலிருந்து இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். ஏற்கெனவே சொன்ன விஷயம் மறுபடி வந்தால் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. ஸ்காபரோ டவுன் சென்டரில இருந்த பே கடையும் புத்தகத்தில வாற ஃபர் கம்பெனியும் ஒண்டுதானோ?

ஒன்றேதான். 1670 மே 2ஆம் தேதி மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் வழங்கிய பட்டயத்தின் கீழ் பிறந்த அதே நிறுவனம்தான் 2025 வரை மால்களில் சட்டையும் சட்டிபானையும் விற்றது. முதலாளிகள் மாறினார்கள். தலைமையகம் 1970இல் லண்டனிலிருந்து வினிபெக்குக்கும், பிறகு டொராண்டோவுக்கும் போனது. கம்பெனி அறுபடாமல் தொடர்ந்தது.

தோல் வியாபாரம் செய்த கம்பெனி பிற்காலத்தில் கடைக்காரராக மாறியது என்று பொதுவாக எழுதுவார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கம்பெனி ஆட்கள் பொதுவாக பீவர் வேட்டைக்குப் போகவில்லை. வேட்டையாடியவர்கள் கிரீ, டெனே, அசினிபோயின் முதலிய பூர்வகுடி மக்கள். கம்பெனி செய்ததெல்லாம் கோட்டைக்குள் ஓர் அறையில் செம்புக் கெட்டில், கோடரி, கம்பளி, வெடிமருந்து, புகையிலை ஆகியவற்றை அடுக்கி வைத்து விற்றதுதான். வாங்கியவர் கொடுத்த விலை, தோல். ஆக முதல் நாளிலிருந்தே அது கடைதான். விலையை எதில் வாங்கியது என்பதுதான் காலப்போக்கில் மாறியது.

2. உலகத்திலேயே பழைய கம்பெனி இதுதானா?

இல்லை. ஜப்பானின் கட்டுமான நிறுவனமான கொங்கோ குமி கி.பி. 578இல் தொடங்கியது. வட அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கிய மிகப் பழைய வணிக நிறுவனம் என்றால் ஹட்சன்ஸ் பே கம்பெனியைச் சொல்லலாம்.

3. ஆரம்பிச்சது இங்கிலீஷ்காரங்களா, பிரெஞ்சுக்காரங்களா? ரெண்டு விதமா சொல்றாங்களே?

யோசனை பிரெஞ்சுக்காரர்களுடையது, பணம் இங்கிலாந்துடையது. ராடிசன், குரோசெலியே என்ற இரண்டு வியாபாரிகள் சுப்பீரியர் ஏரிக்கு அப்பால் போய்த் தோல்களோடு திரும்பினார்கள். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ததாகப் பிரெஞ்சு ஆளுநர் அவர்களுக்கு அபராதம் போட்டார். நல்ல தோல் வடக்கே இருக்கிறது, அங்கே போக மொன்ட்ரியால் வழி வேண்டாம், ஹட்சன் விரிகுடாவுக்குள் கப்பலையே கொண்டு போகலாம் என்பது அவர்கள் கண்டுகொண்ட சூட்சுமம். பிரான்சில் கேட்க ஆளில்லாததால் லண்டனுக்குப் போனார்கள்.

1668இல் இரண்டு சிறு கப்பல்கள் கிளம்பின. ராடிசன் ஏறிய ஈக்லெட் புயலில் சேதமாகித் திரும்பிவிட்டது. குரோசெலியே ஏறிய நான்சச் விரிகுடாவின் தென்கோடிவரை போய், பனிக்காலத்தை அங்கேயே கழித்து, 1669இல் பீவர் தோல்களுடன் லண்டன் திரும்பியது. மறு ஆண்டே பட்டயம் கிடைத்தது. மன்னரின் உறவினரான இளவரசர் ரூபர்ட்டும் 17 கூட்டாளிகளும் அதில் பெயரிடப்பட்டார்கள். ரூபர்ட்தான் முதல் ஆளுநர்.

4. பீவர்னா நீர்நாய்தானே? அந்தத் தோலுக்கு ஏன் அவ்வளவு மவுசு?

நீர்நாய் வேறு. அது மீன் தின்னும். பீவர் மரப்பட்டை தின்கிற பெரிய கொறிவிலங்கு, ஓடையை அடைத்து அணை கட்டும். மவுசு தோலுக்குக்கூட இல்லை, தோலில் இருக்கும் உள்மயிருக்குத்தான். பீவர் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. மேலே நீளமான முரட்டு மயிர், அடியில் பஞ்சு போன்ற உள்மயிர். இந்த உள்மயிரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால், வெந்நீர் விட்டு அழுத்தித் தேய்த்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான நமுதாகும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாத தொப்பி செய்ய அதற்கு இணையில்லை. ஐரோப்பிய பீவரை ஏற்கெனவே பெரும்பாலும் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள்.

சிக்கல், முரட்டு மயிரை நீக்குவது. பூர்வகுடி மக்கள் பல தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி ஓராண்டுக்கும் மேலாக உடுத்தினார்கள். வியர்வையும் உடம்பின் எண்ணெயும் உராய்வும் சேர்ந்து முரட்டு மயிர் தானே உதிர்ந்துவிடும், தோலும் இளகும். உடுத்திப் பழசான இந்தத் தோலுக்குத்தான் லண்டனில் கூடுதல் விலை. உடுத்தாமல் காயவைத்த தோலைச் சுத்தம் செய்யும் நுட்பம் நெடுநாள் ரஷ்யர்களிடம்தான் இருந்தது. பிறகு தொப்பித் தொழிலாளர்கள் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவி மயிரைப் பதப்படுத்தினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குக் கைநடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன. 1830களுக்குப் பிறகு பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஓரங்கட்டியது.

5. காசே இல்லாம எப்படி யாவாரம் பண்ணினாங்க?

பண்டமாற்று என்றாலும் கண்மதிப்பில் நடக்கவில்லை. ‘மேட் பீவர்’ என்று ஒரு கணக்கலகு வைத்திருந்தார்கள். நன்றாக வளர்ந்த பீவரின், குளிர்காலத்தில் எடுத்துப் பதப்படுத்திய முதல்தரத் தோல் ஒன்று, ஒரு மேட் பீவர். மற்றத் தோல்களுக்கும் அதே அலகில்தான் மதிப்பு. மார்ட்டன் என்ற சிறு விலங்கின் தோல் மூன்று சேர்ந்தால் பொதுவாக ஒரு மேட் பீவர். சரக்கின் விலையும் அப்படியே. துப்பாக்கிக்கு நீளத்தைப் பொறுத்து 10 முதல் 14 வரை கேட்டார்கள்.

இதனால் லண்டனுக்கு அனுப்பும் பேரேட்டில் தோல், சரக்கு, கடன் மூன்றும் ஒரே அலகில் நின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பித்தளை வில்லைகளும் வந்தன. ஒன்று, அரை, கால், அரைக்கால் என நான்கு மதிப்பில் அவை அடிக்கப்பட்டன. மேட் பீவரைக் குறிக்க ‘எம்.பி.’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘என்.பி.’ என்று இருக்கும். அச்சு வெட்டியவரின் பிழை என்றே கருதப்படுகிறது. பழம்பொருள் கடையில் இந்த வில்லையைப் பார்த்தால் எழுத்து தப்பாக இருக்கிறதே, போலி போல என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

6. துப்பாக்கியை நிமிர்த்தி வச்சு, அது உசரத்துக்குத் தோல் அடுக்கச் சொல்லி ஏமாத்தினாங்களாமே?

பரவலாகச் சொல்லப்படும் கதை. ஆதாரம் இல்லை. விலை உயரத்தில் அல்ல, எண்ணிக்கையில் இருந்தது (கேள்வி 5). 10, 14 தோல்களை அடுக்கினால் ஆள் உயரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில்கூட வராது. பூர்வகுடி வியாபாரிகளும் ஏமாந்தவர்கள் அல்ல. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் நல்ல விலை கொடுத்தால் அங்கே போனார்கள். கெட்டில் கனமாக இருக்கிறது, துப்பாக்கி குளிரில் வெடிக்கிறது என்று அவர்கள் சொன்ன குறைகள் லண்டனுக்கு எழுதப்பட்டு, சரக்கே மாற்றப்பட்டது.

ஆனால் ஏமாற்று வேறு வடிவில் இருந்தது. லண்டன் நிர்ணயித்த விலைப்பட்டியலுக்கு மேல் கோட்டை அதிகாரி கூடுதலாக வாங்கினார். வெடிமருந்து அளக்கும் படியைக் குறைத்தார், துணி அளக்கும்போது விரல்கடை பிடித்தார். இப்படி மிஞ்சிய தோலுக்கு ‘ஓவர்பிளஸ்’ என்று பெயர் வைத்து ஆண்டுக் கணக்கிலேயே காட்டினார்கள். வியாபாரத்துக்கு முன் தலைவர்களுக்குத் தரும் கோட்டு, தொப்பி, புகையிலை, மது முதலிய பரிசுகளின் செலவை அதில்தான் ஈடுகட்டினார்கள். போட்டி இருந்த ஆண்டுகளில் ஓவர்பிளஸ் குறைந்தது, இல்லாத ஆண்டுகளில் கூடியது.

7. வருஷத்துக்கு ஒரே நடை கப்பல்தானா? அதுல எப்படிக் கட்டுப்படியாச்சு?

பனிக்கட்டி விட்ட வழி அவ்வளவுதான். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தேம்ஸை விட்டுக் கிளம்பி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவின் ஸ்ட்ரோம்னஸில் நல்ல தண்ணீரும் வேலையாட்களும் ஏற்றி, ஜூலைக் கடைசியில் ஹட்சன் நீரிணையைத் தாண்டி, ஆகஸ்டில் விரிகுடாக் கரையிலிருந்த யார்க் ஃபாக்டரி என்ற கோட்டையை அடைய வேண்டும். சில வாரங்களுக்குள் இறக்கி ஏற்றித் திரும்பாவிட்டால் விரிகுடாவிலேயே உறைந்துவிடும்.

இதில் பெரிய இடைஞ்சல், முதல் முடங்குவது. 1740 ஆகஸ்டில் அதிகாரி எழுதிய சரக்குப் பட்டியல் திரும்பும் கப்பலில் போகும். சரக்கு 1741 ஆகஸ்டில் வரும். உள்நாட்டுப் படகுகள் கோடையின் தொடக்கத்தில்தான் வந்துபோகும் என்பதால் அந்தச் சரக்கு விற்பது 1742இல். அதில் கிடைத்த தோல் அந்த இலையுதிர்காலத்தில் லண்டன் போய் அதன் பிறகுதான் ஏலம். பட்டியல் எழுதிய நாளிலிருந்து பணம் கைக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல். கையிருப்பு இல்லாத சிறு வியாபாரியால் தாங்கவே முடியாது. ஏகபோக உரிமையும் பெரிய முதலும் இல்லாமல் இந்த வழி ஓடியிருக்காது. அடுத்த கப்பல் வராமலே போகலாம் என்பதற்காகக் கோட்டைகளில் உபரிச் சரக்கும் வைத்திருந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊழியர்களில் பெரும்பகுதியினர் ஆர்க்னிக்காரர்கள். படகும் குளிரும் பழகியவர்கள், சம்பளம் குறைவாகக் கொடுத்தாலும் வருபவர்கள் என்பது கம்பெனியின் கணக்கு.

8. நம்ம ஊருக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரியேதானே இதுவும்?

அமைப்பு ஒன்று, நடத்தை வேறு. இரண்டுமே லண்டன் முதலீட்டாளர்கள் பங்கு போட்டு, அரச பட்டயத்தால் ஏகபோகம் பெற்ற கம்பெனிகள். சட்டம் இயற்றவும் கோட்டை கட்டவும் போர் செய்யவும் இரண்டுக்கும் உரிமை இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று நிலவரி வசூலிக்கும் அரசாக மாறி, பெரும் படை வைத்து, 1858இல் ஆட்சியை இழந்து, 1874இல் கலைக்கப்பட்டது. ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான படை கிடையாது. ஒரு கோட்டையில் சில டஜன் பேர் இருந்தாலே அதிகம். சுற்றியுள்ள மக்கள் இறைச்சியும் பனிக்காலணியும் தராவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். பலம் இல்லாததால் இணங்கிப் போனார்கள் என்பதுதான் உண்மை, நல்லெண்ணத்தால் அல்ல. ஆள்கிற பொறுப்பை 1870இல் கைகழுவிவிட்டு வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் அது இன்னும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது.

9. அந்த நிலம் ராஜாவுக்கே சொந்தமில்லையே, எப்படித் தூக்கிக் கொடுத்தார்?

கேட்க வேண்டிய கேள்வி. ஹட்சன் நீரிணை வழியாக அடையக்கூடிய எல்லா நீர்நிலைகளையும் அவற்றை ஒட்டிய நிலங்களையும் பட்டயம் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது. வேறொரு கிறித்தவ அரசரின் வசம் இல்லாத நிலம் என்பதே அளவுகோல். அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. விரிகுடாவில் கலக்கும் ஆறுகளின் வடிநிலம் முழுவதும் என்று பின்னாளில் பொருள் கொள்ளப்பட்டபோது பரப்பு சுமார் 39 லட்சம் சதுர கிலோமீட்டர் ஆனது. இன்றைய இந்தியாவைவிடப் பெரியது. அதற்கு ரூபர்ட்ஸ் லேண்ட் என்று பெயர்.

வாடகை, மன்னரோ வாரிசோ அந்த மண்ணில் கால் வைக்கும்போதெல்லாம் இரண்டு எல்க் மானும் இரண்டு கறுப்பு பீவரும். 1927, 1939, 1959, 1970 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சடங்கு நடந்தது.

10. நார்த் வெஸ்ட் கம்பெனியோட ஏன் அடிச்சுக்கிட்டாங்க? கடைசில யார் ஜெயிச்சாங்க?

ஹட்சன்ஸ் பே கம்பெனி முதல் நூறாண்டு கடலோரத்திலேயே உட்கார்ந்து தோல் தன்னைத் தேடி வர விட்டது. மொன்ட்ரியால் வியாபாரிகள் மரப்பட்டைப் படகில் உள்நாட்டுக்கே போய் வாங்கத் தொடங்கியதும் வரத்து குறைந்தது. 1774இல் ஹட்சன்ஸ் பேகாரர்களும் மேற்கு உள்நாட்டில் கம்பர்லண்ட் ஹவுஸ் என்ற கடையைத் திறந்தார்கள். அந்த மொன்ட்ரியால் வியாபாரிகள் 1779இல் நார்த் வெஸ்ட் கம்பெனியாகக் கூடினார்கள்.

மோதலின் முடிச்சு சாப்பாட்டில் இருந்தது. துடுப்பு போடுபவர்களுக்கு வேட்டையாட நேரமில்லை, பெம்மிக்கன் வேண்டும். காட்டெருமை இறைச்சியை மெல்லிய பட்டைகளாக வெட்டிக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, ஏறத்தாழ சம எடை உருக்கிய கொழுப்பு ஊற்றி, சில வேளை சஸ்காட்டூன் பழமும் சேர்த்து, தோல் பையில் அடைப்பார்கள். ஒரு பை 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ. இறைச்சியில் ஈரம் நின்றுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இதைச் செய்து விற்றவர்கள், பூர்வகுடித் தாய்மார்களுக்கும் ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் பிறந்தவர்களின் வழிவந்த மெட்டீ மக்கள். ஹட்சன்ஸ் பே கம்பெனியிடம் நிலம் பெற்று செல்கிர்க் பிரபு அமைத்த ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர், 1814 ஜனவரியில் பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். பகை முற்றி 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸில் சண்டை மூண்டது. குடியேற்றத்தின் அப்போதைய ஆளுநர் செம்பிளும் அவர் பக்கத்தில் இருபது பேரும் இறந்தார்கள். மெட்டீ பக்கத்தில் ஒருவர்.

1821இல் லண்டன் அரசின் நெருக்குதலில் இரண்டும் இணைந்தன. பெயர் ஹட்சன்ஸ் பே என்றே நின்றது. காரணம் தூரம். கடல்வழியே கண்டத்தின் நடுப்பகுதிவரை சரக்கை இறக்க முடிந்த கம்பெனியோடு, மொன்ட்ரியாலிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் துடுப்பு போட்டுக்கொண்டு விலையில் மோத முடியாது. பிறகு ஜார்ஜ் சிம்ப்சன் கம்பெனியின் ஆளுநராக வந்து பாதிக்குப் பாதி கடைகளை மூடினார். பீவர் அருகிய இடங்களில் வேட்டைக்கு வரம்பு போட்டார். அமெரிக்கர்கள் வந்துகொண்டிருந்த ஸ்னேக் ஆற்றுப் பகுதியிலோ அதற்கு நேர்மாறாக, அவர்கள் வந்து பார்த்தால் ஒன்றுமே மிஞ்சக்கூடாது என்று ஓடை ஓடையாகத் துடைத்தெடுக்கச் சொன்னார். காப்பதும் அழிப்பதும் இரண்டும் வியாபாரக் கணக்கே.

11. பெண்களைப் பற்றி ஒரு வரியும் வரேல்லையே?

பழைய வரலாறுகளில் வராது. ஆனால் கோட்டை நடந்ததே அவர்களால். பனிக்காலணிக்கு வலை பின்னியது, மொக்கசின் என்ற தோல் காலணி தைத்தது, தோலைச் சுரண்டிப் பதப்படுத்தியது, பெம்மிக்கன் இடித்தது, மொழிபெயர்த்தது எல்லாம் பூர்வகுடிப் பெண்கள். ஐரோப்பியப் பெண்களைக் கோட்டைகளுக்கு அழைத்துவரக் கம்பெனி நெடுநாள் தடை போட்டிருந்தது. ஊழியர்கள் உள்ளூர் வழக்கப்படி மணம் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் பலர் மெட்டீ சமூகத்தில் இருக்கிறார்கள். வேலைக்காலம் முடிந்ததும் குடும்பத்தை விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களும் நிறைய.

ஒரு பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள்: தனடெல்தூர். கிரீ மக்களிடம் சிறைப்பட்டுத் தப்பிய டெனே பெண். 1714இல் யார்க் ஃபாக்டரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, கம்பெனி ஊழியர் ஒருவரோடும் பெரிய கிரீ குழுவோடும் வடமேற்கே போனார். பசியில் குழு சிதறியபோது தனியே போய்த் தன் மக்களை அழைத்துவந்து, தொண்டை கட்டும்வரை பேசி, இரு தரப்பையும் சமாதானப்படுத்தினார். 1717 பிப்ரவரியில் நோயுற்று இறந்தார். அவர் ஏற்படுத்திய சமாதானத்தால்தான் சர்ச்சில் ஆற்று முகத்தில் கடை திறக்க முடிந்தது.

12. பெரியம்மைக் கிருமி தடவின கம்பளியை இவங்கதானே கொடுத்தாங்க?

ஆவணத்தில் பதிவான சம்பவம் 1763இல் இன்றைய பிட்ஸ்பர்க் இருக்கும் ஃபோர்ட் பிட்டில், பிரிட்டிஷ் ராணுவக் கோட்டையில் நடந்தது. ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு அதில் தொடர்பில்லை. 1781-82 கொள்ளைநோயில் கம்பர்லண்ட் ஹவுஸ் ஆட்கள் நோயாளிகளைப் பராமரித்ததும், 1837இல் ஃபோர்ட் பெல்லியில் மருத்துவர் வில்லியம் டாட் தடுப்பூசி போட்டுப் பரவலைக் கட்டுப்படுத்தியதும் கம்பெனி நாட்குறிப்புகளில் உள்ளன.

இதனால் கம்பெனி குற்றமற்றது என்றாகாது. நோய் பரவியது வியாபாரப் பாதைகளிலும்தான். மதுவும், தீராத கடனும், காட்டு விலங்கு அற்றுப்போனதும் செய்த கேடு தனி. குற்றம் சாட்டும்போது சரியான குற்றத்தைச் சாட்ட வேண்டும்.

13. கம்பளியில இருக்கிற சின்னச் சின்னக் கோடு எத்தனை தோல்னு காட்டுறதுதானே?

இல்லை. அது அளவைக் காட்டும் குறி. நெசவான கம்பளியை வெந்நீரில் அடித்துச் சுருக்கிக் கெட்டியாக்குவார்கள். சுருங்கி வந்தபின் மடித்து அடுக்கினால் எது எந்த அளவு என்று தெரியாது. அதனால் ஓரத்தில் விரல்நீளத்துக்கு நீலக் கோடுகள் நெய்தார்கள். முழுக்கோடு ஒன்று, பாதி நீளம் என்றால் அரை. கம்பெனி 1779-80 முதல் இங்கிலாந்தின் விட்னி ஊரிலிருந்து இவற்றை வரவழைத்தது. இன்றைய கணக்கில் மூன்றரைக் கோடு ஒற்றைக் கட்டிலுக்கு, நான்கு இரட்டைக் கட்டிலுக்கு, ஆறு குவீன், எட்டு கிங். பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்ற நாலு பட்டைக்கும் தோல் விலைக்கும் சம்பந்தம் இல்லை.

பழைய கம்பளி வாங்குபவர்கள் துணிச்சீட்டைப் பாருங்கள். 1890க்கு முன் சீட்டு தைக்கும் வழக்கம் இல்லை. எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடாதீர்கள். மேலே சொன்ன அதே காரணத்தால் மறுபடி சுருங்கிவிடும், நீட்ட முடியாது.

14. கனடாவையே 3 லட்சம் பவுனுக்கு வித்துட்டாங்களாமே?

ரூபர்ட்ஸ் லேண்டின் மீதான தன் உரிமைகோரலை விற்றது. 1869இல் ஒப்புக்கொடுப்புப் பத்திரம், 1870 ஜூலை 15இல் கைமாற்றம், தொகை 3 லட்சம் பவுண்டு. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமலே பேரம் முடிந்ததால்தான் மெட்டீ தலைவர் லூயி ரியெல் தலைமையில் ரெட் ரிவர் மக்கள் எழுந்தார்கள், மனிடோபா மாகாணம் பிறந்தது.

ஆனால் கம்பெனிக்குப் பெரிய லாபம் ரொக்கத்தில் இல்லை, நிலத்தில். கடைகளைச் சுற்றிய மனைகளோடு, மேற்குச் சமவெளியின் வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கு தனக்கு என்று எழுதி வாங்கியது. அதைப் பிரித்த விதம் கச்சிதமானது. அரசு நிலத்தை அளந்து டவுன்ஷிப் என்ற பகுதிகளாகப் பிரித்தது. ஒரு டவுன்ஷிப்பில் 36 சதுரங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். இருபதில் ஒன்று என்றால் 1.8 சதுரம். எல்லா டவுன்ஷிப்பிலும் 8ஆம் எண் சதுரம் முழுதும், 26ஆம் எண்ணில் முக்கால் பங்கும் கம்பெனிக்கு: 1.75. ஐந்தால் வகுபடும் எண்ணுள்ள டவுன்ஷிப்பில் மட்டும் 26உம் முழுதாக: 2. ஐந்துக்கும் சராசரி எடுத்தால் சரியாக 1.8. மொத்தம் சுமார் 70 லட்சம் ஏக்கர். ரயில் வந்தது, குடியேறிகள் வந்தார்கள், கம்பெனி நிலத்தைப் பல பத்தாண்டுகளுக்கு விற்றது. பின்னாளில் சில நிலங்களின் கனிம உரிமையை விடாமல் வைத்துக்கொண்டு எண்ணெய்த் தொழிலிலும் இறங்கியது.

15. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் எப்ப வந்துது?

குடியேறிகளின் கையில் தோல் இல்லை, காசு இருந்தது. 1881இல் வினிபெக்கில் பொதுமக்களுக்கான கடை திறந்தார்கள். நீண்ட நாள் அரைகுறையாகவே நடந்தது, போட்டிக் கடையான ஈட்டன்ஸ் முந்திக்கொண்டது. லண்டன் ஹாரட்ஸின் ரிச்சர்ட் பர்பிட்ஜ் இயக்குநர் குழுவுக்கு வந்தபின் பெரிய கட்டடங்கள் எழுந்தன: 1913இல் கால்கரி, 1921இல் விக்டோரியா, 1926இல் வினிபெக். 1960இல் மோர்கன்ஸ் கடைகளை வாங்கிக் கிழக்கே வந்தது. 1965இல் ‘தி பே’ என்ற பெயர். 1978இல் செல்லர்ஸ் கடைகளையும், அதையொட்டி சிம்ப்சன்ஸ் கடைகளையும் வாங்கியது. 1979இல் கம்பெனியே கனடாவின் செல்வந்தரான தாம்சன் குடும்பத்தின் கைக்குப் போனது.

16. தோல் வியாபாரத்தை எப்ப விட்டாங்க? வடக்குல இன்னும் நார்த் வெஸ்ட் கம்பெனிக் கடை இருக்கே?

1987இல் தோல் ஏலக் கிளையையும் வடக்குக் கடைகளையும் விற்றார்கள். அந்த 178 கடைகளை வாங்கியவர்கள் 1990இல் ‘நார்த் வெஸ்ட் கம்பெனி’ என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். கேள்வி 10இல் வரும் கம்பெனியின் நேர் வாரிசு அல்ல. பெயர் மட்டும் அது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஹட்சன்ஸ் பேயின் பழைய கடைச் சங்கிலியின் உண்மையான தொடர்ச்சி இன்று அங்கேதான் இருக்கிறது.

17. 355 வருஷம் ஓடின கம்பெனி எப்படி ஒரே வருஷத்தில விழுந்தது?

ஒரே ஆண்டில் விழவில்லை. 2006இல் அமெரிக்கர் ஜெரி சக்கர் வாங்கினார். அவர் 2008இல் இறந்தபின் ரிச்சர்ட் பேக்கரின் என்.ஆர்.டி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பேக்கரின் அடிப்படைத் தொழில் கட்டடமும் மனையும். 2011இல் செல்லர்ஸ் கடைகளின் குத்தகைகள் அமெரிக்கச் சங்கிலியான டார்கெட்டுக்கு 182.5 கோடி கனடிய டாலருக்குப் போயின. 2013இல் சாக்ஸ் என்ற அமெரிக்க ஆடம்பரக் கடைச் சங்கிலி வாங்கப்பட்டது. 2014இல் டொராண்டோ குவீன் தெருக் கட்டடம் 65 கோடிக்கு விற்கப்பட்டு, அதே கட்டடத்துக்கே கம்பெனி வாடகை கட்டத் தொடங்கியது. மேலும் பல மனைகள் கூட்டு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டன. 2020இல் பங்குச் சந்தையிலிருந்து விலகியது. 2024 டிசம்பரில் நீமன் மார்கஸ் என்ற இன்னொரு அமெரிக்கச் சங்கிலியை வாங்கி அமெரிக்கச் சொத்துகளைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது கனடியக் கடைகள் தனியே நின்றன.

கொரோனா காலம், இணைய வியாபாரம், நகர மையத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தது எல்லாம் அடித்தன என்பது மெய். ஆனால் அந்த அடிகளை வாங்கிய வேறு கடைகள் பிழைத்தன. முன்பு நிலம் கடையைத் தாங்கியது (கேள்வி 14). கடைசிப் பத்தாண்டில் நிலத்தை விற்ற பணம் கடைக்குள் போதிய அளவு திரும்பவில்லை, வாடகைச் சுமை மட்டும் கூடியது என்பது எங்கள் கணிப்பு. 2025 மார்ச் 7 அன்று கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியபோது கடன் சுமார் 110 கோடி கனடிய டாலர். 80 பே கடைகளும் கனடாவின் 16 சாக்ஸ் கடைகளும் மூடப்பட்டன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். வேலைநீக்க இழப்பீடு கம்பெனியிடமிருந்து வரவில்லை. மத்திய அரசின் ஊதியப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

18. என்கிட்ட இன்னும் கிஃப்ட் கார்டு இருக்கு. பேரு, பட்டயம் எல்லாம் இப்ப யார்கிட்ட?

கிஃப்ட் கார்டு 2025 ஏப்ரல் 6 வரைதான் செல்லுபடியானது. இப்போது செல்லாது.

பெயர், முத்திரை, நாலு வண்ணப் பட்டை ஆகியவற்றை கனடியன் டயர் என்ற கடைச் சங்கிலி 3 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. அதனால் பட்டை போட்ட பொருள் இனியும் கிடைக்கும், ஆனால் அது 1670இன் கம்பெனி அல்ல. பெயரை விற்றுவிட்டதால் மிச்சமுள்ள சட்ட நிறுவனம் வெறும் பதிவு எண்ணைப் பெயராகச் சுமக்கிறது. ஐந்து கன்றுத்தோல் தாள்களில் எழுதிய பட்டயத்தைத் தாம்சன், வெஸ்டன் குடும்பங்களின் நிறுவனங்கள் சேர்ந்து 1.8 கோடிக்கு வாங்கி, நான்கு பொது நிறுவனங்களுக்கு நன்கொடையாக்க 2025 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது. வினிபெக் கட்டடம் அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், சதர்ன் சீஃப்ஸ் அமைப்பு என்ற பூர்வகுடிக் கூட்டமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. அன்று அவர்கள் கம்பெனிக்குத் தந்த விலை இரண்டு பீவர் தோலும் இரண்டு எல்க் தோலும்.

19. பழைய நாட்குறிப்பு, சம்பளக் கணக்கு இதெல்லாம் நாங்க பாக்க ஏலுமோ?

ஏலும். கம்பெனி ஆவணங்கள் 1974இல் லண்டனிலிருந்து வினிபெக்குக்கு வந்தன, 1994இல் மனிடோபா ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாயின. திவாலில் இவை சிக்கவில்லை.

ஒரு ஊழியரைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் காப்பகத்தின் இணையதளத்தில் வாழ்க்கைக் குறிப்புத் தாளைப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடை, என்ன வேலை, பிறந்த ஊர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அதில் கடையின் பெயர் கிடைத்ததும் அந்தக் கடையின் குறியீட்டுக்குப் போகலாம். கடைப் பதிவுகள் எல்லாம் ‘பி’ வரிசை. யார்க் ஃபாக்டரி பி.239. அதன்பின் வரும் ‘ஏ’ நாட்குறிப்பு, சின்ன ‘பி’ கடிதம், ‘டி’ கணக்குப் பேரேடு. பூர்வகுடிப் பெயர்கள் எழுதியவரின் காதுக்குப் பட்டபடி பலவிதமாக இருக்கும், ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். பெண்களின் பெயர் சம்பளப் பட்டியலில் அரிது. ‘டி’ கணக்குப் பேரேட்டில் கடன் வாங்கியவர் பக்கத்தைத் தேடினால் சில வேளை அகப்படும்.